சாப்பிட்டாயிற்று!

(இளங்கலைத் தமிழ் இலக்கியம், மூன்றாம் ஆண்டு)

"சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். வெள்ளைக்காரன் வானிலையை விசாரிப்பான் என்பார்கள். நாம் வயிற்றை விசாரிக்கிறோம். பேருந்து நிறுத்தத்திலும் கேட்கிறோம், சாவு வீட்டுத் திண்ணையிலும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு நான் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரே விடையைத்தான் சொல்லிவந்தேன். "சாப்பிட்டாயிற்று." பத்தில் ஒன்பது முறை அது பொய்.

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தா என்று பேராசிரியை கேட்டபோது, "பாரதி கண்ட புதுமைப் பெண்" என்றுதான் முதலில் தலைப்பிட்டேன். அதை ஆண்டுதோறும் யாரேனும் ஒருத்தி எழுதிவிடுகிறாள். இவ்வாண்டும் எழுதியிருப்பாள், பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எனவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருளான என் தட்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், பேராசிரியை இசைந்தார். எனக்கு நானே இட்டுக்கொண்ட கட்டளை ஒன்றும் உண்டு. என் எடையை எண்ணால் எழுத மாட்டேன். உணவை எவ்வாறெல்லாம் ஒளித்தேன் என்பதையும் எழுத மாட்டேன். இந்நோய் உள்ள தோழி ஒருத்தி இதைப் படித்தால் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவாள். தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். நானும் அப்படித் தேடியவள்தான்.

எங்கள் ஊர் ஆலங்குடியை அடுத்த ஒரு சிற்றூர். கடலையும் பலாவும் தென்னையும் விளையும் மண். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து எங்கள் தென்னைகளை ஒரே இரவில் படுக்க வைத்தது. அதன்பின் அப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குச் சென்றார். அவர் அனுப்பும் பணத்தில் வீட்டில் அரிசிப் பானை ஒருநாளும் காலியானதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வறுமையால் நான் பட்டினி கிடக்கவில்லை. பானை நிறைய சோறு இருந்தது. பக்கத்தில் நான் பட்டினி கிடந்தேன்.

தொடக்கம் எது என்று துல்லியமாகச் சொல்ல இயலாது. ஆயினும் ஒரு நாள் நினைவில் நிற்கிறது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துத் தோழியருக்கு மொய் விருந்து பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவருக்காகச் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் ஒரு குடும்பம் ஊரையே அழைத்துக் கறிச்சோறு போடும். உண்டவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதிய பணம் கடன்போல. அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். சிலர் அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவார்கள், சிலர் பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். எங்கள் பகுதியில் சோறு என்பது வயிற்றுக்கு மட்டும் உரியது அன்று. அது மானம், அது வங்கி. அப்படி ஒரு விருந்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த நான் இலையில் அமர்ந்திருந்தேன். பரிமாற வந்த உறவினர் ஒருவர், "இவளுக்குப் பாத்து வைங்கப்பா, மாப்பிள்ளை தேடுறப்ப வாசப்படி பத்தாது" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அவர் கெட்டவர் அல்லர். அன்று மாலையே மறந்திருப்பார். என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆறு மாதங்களில் நான் மெலிந்தேன். அந்த ஆறு மாதமும் பாராட்டு மழை! "என்னடி செய்தாய், எங்களுக்கும் சொல்" என்று கேட்ட தோழியர் எத்தனை பேர்! முதலாமாண்டு மதிப்பெண்ணுக்குக் கிடைக்காத பாராட்டு, வற்றிப்போன கன்னத்துக்குக் கிடைத்தது. என் மதிப்பு என்பது என் எடைக்கு நேர் எதிர் விகிதம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டது. எண் குறைந்த நாள் நல்ல நாள். கூடிய நாள் கண்ணாடியின் முன் நின்று என்னை நானே வைத வசைகளை எழுத்தில் கொணர இயலாது.

பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டி என்னிடம் இருந்தது. பேருந்து நிறுத்தம்வரை போய்வரத்தான் அது. நான் அதைச் சாட்டையாக்கிக்கொண்டேன். ஒரு பிடி கூடுதலாக உண்டுவிட்டால் கண்மாய்க் கரையை இன்னும் இரண்டு சுற்று. தலை சுற்றினாலும் நிறுத்த மாட்டேன். கரையில் மாடு மேய்ப்பவர்கள், "நல்லா ஓட்டுது புள்ள" என்றார்கள்.

பகலெல்லாம் பட்டினி, நள்ளிரவில் வேறொருத்தி எழுந்து வருவாள். அடுக்களையில் இருட்டில் நின்றபடி, கையில் கிடைத்ததையெல்லாம், சுவைகூடத் தெரியாமல் விழுங்குவாள். பிறகு அழுகை, பிறகு அதை வெளியேற்றும் பாடு. இரண்டாமாண்டில் மணிமேகலை பாடம் நடந்தது. காயசண்டிகையின் கதை வந்தது. விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ண வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்தவள். எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் பசிநோயைச் சாபமாகப் பெற்றவள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் குனிந்து குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இரவில் அடுக்களையில் நிற்பவளுக்குப் பழைய காப்பிய மரபில் ஒரு பெயர் இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

உடல் கணக்குத் தீர்க்கத் தொடங்கியது. மாதவிலக்கு நின்றது. சீப்பில் கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலிலும் கை சில்லிட்டது. ஒரு மருத்துவர் அல்சர் என்று மாத்திரை எழுதினார். இன்னொருவர் சத்து டானிக் தந்தார். அம்மா கோயிலில் வேப்பிலை அடித்துக் கயிறு கட்டி அழைத்துவந்தாள். அப்பத்தா மட்டும் எதையும் நம்பவில்லை. "இது திமிரு. சோத்தோட அருமை தெரியாத திமிரு" என்றார். அது அம்புபோல் தைத்தது; ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். சோற்றுக்கு ஏங்கிய வீட்டில் பிறந்து சோற்றை மறுப்பவள் திமிர் பிடித்தவள் இல்லாமல் வேறு யார்?

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் நாள்தோறும் எண்களும், அவற்றின் கீழே என்னைப் பற்றி நானே எழுதிய வசைகளும். அம்மா பார்த்துவிடக் கூடாது என்று அப்பத்தாவின் பழைய டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அப்பத்தா கண்டாலும் கவலையில்லை. அவருக்கு எங்கே படிக்கத் தெரியப்போகிறது என்று எண்ணினேன்.

அங்கேதான் தவறினேன். 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்ததை நான் பாடமாக மட்டுமே அறிவேன். அன்று ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொடுப்பது என்று அந்த இயக்கம் முடிவு செய்தது. கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலைப் பெண்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லாரும் ஏறினார்கள். பெண்களுக்கான வண்டி போதவில்லை என்று ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். ஒன்றரை ஆண்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் கட்டுரை இந்தியில் பெயர்க்கப்பட்டு எட்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. வடநாட்டுப் பிள்ளைகள் நம் ஊர்ப் பெண்களின் சைக்கிளைப் பற்றிப் பாடம் படித்திருக்கிறார்கள்; நாம் அந்தப் பெண்களையே கிழவிகள் என்று ஒதுக்குகிறோம்!

என் அப்பத்தா அந்த இலட்சத்தில் ஒருவர். அப்போது வயது முப்பத்தொன்று. கடலை பறிக்கும் கூலி. இரவில் அரிக்கேன் விளக்கில் எழுத்து, விடியலில் மிதிவண்டி. விழுந்த தழும்பு முழங்காலில் இன்றும் இருக்கிறது. கற்ற எழுத்து எப்போதோ மறந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். டிரங்குப் பெட்டியைத் துடைக்கப் போனவர் நோட்டை எடுத்து, கடைக் கணக்கோ என்று, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்றாம். நான்கு பக்கம் படித்திருக்கிறார்.

அன்று இரவு நான் அடுக்களைக்குச் சென்றபோது அங்கே அப்பத்தா அமர்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. ஓடிவிடலாம் என்று நினைத்தேன்; கால் வரவில்லை.

"உக்காரு தாயி" என்றார். அமர்ந்தேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்:

"ஒங்கப்பன் சின்னப் புள்ளையா இருக்கையில மழ பொய்ச்ச வருசம். ஒருபடிக் கேப்பையில நாலு உசுரு. புள்ளைக கேக்கும், நீ சாப்புட்டியாம்மான்னு. சாப்பிட்டாச்சுய்யாம்பேன். பானையக் கழுவுன தண்ணியக் குடிச்சுட்டுப் படுப்பேன். அந்தப் பொய்ய நான் சொன்னதுக்குக் காரணம் இருந்துச்சு. நீ எதுக்குத்தா சொல்ற?"

என்னிடம் விடை இல்லை. முதன்முறையாக வாய்விட்டு அழுதேன். "எனக்குப் பயமா இருக்கு அப்பத்தா" என்றேன். "எதுக்கு?" "சோத்தப் பாத்து."

அவர் அதற்குமேல் திமிர் என்ற சொல்லை எடுக்கவில்லை. மறுநாள் அம்மாவிடம், "புள்ளைக்கு வகுத்துல நோவு இல்ல, மனசுல இருக்கு, அதுக்குள்ள டாக்டரப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என்னை அழைத்துச் சென்றவரும் அவரே. ஊரார் கண்ணில் படாமல் போக வேண்டும் என்று அம்மா தவித்தாள். அப்பத்தா பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடமே சத்தமாகச் சொன்னார்: "பேத்திக்கு ஒடம்பு சரியில்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

மருத்துவர் என்னிடம் எடையைக் கேட்கவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டார். கைப்பேசியில் இரவு எதைப் பார்க்கிறாய் என்றார். வெட்கத்தோடு சொன்னேன்: சமையல் காணொளி. பிரியாணி, அல்வா, கேக்கு என்று மணிக்கணக்கில். அவர் சிரிக்கவில்லை. ஒரு கதை சொன்னார்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்டு உணவூட்டுவது என்று அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 1944 இறுதியில் ஓர் ஆய்வு தொடங்கினார். ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் தாமே முன்வந்தார்கள். நல்ல உடலும் நல்ல மனமும் உடையவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிறு உணவு. என்ன ஆயிற்று? அவர்கள் சிடுசிடுத்தார்கள்; நண்பரை வெறுத்தார்கள்; எந்நேரமும் குளிர்கிறது என்றார்கள். சமையல் நூல்களை வாங்கிக் குவித்து இரவெல்லாம் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். மீண்டும் உணவு கிடைத்தபோது சிலர் வயிறு வெடிக்கும்படி உண்டும் நிறைவு பெறவில்லை. 1950இல் இரு பெருந்தொகுதிகளாக இது நூலாயிற்று.

"அந்த 36 பேருக்கும் திமிர் என்று சொல்வாயா?" என்று கேட்டார் மருத்துவர்.

நான் அப்பத்தாவைப் பார்த்தேன். அப்பத்தா தரையைப் பார்த்தார்.

நள்ளிரவில் அடுக்களையில் நிற்பவள் பேராசைக்காரி அல்லள், பட்டினி போடப்பட்டவள். இந்த ஒன்றை அறிந்தது எனக்கு எந்த மருந்தையும்விடப் பெரிதாக இருந்தது. இந்நோய்க்கு 1873இல் இலண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டாராம். பசியின்மை என்று அதன் பொருள். பொருந்தாப் பெயர்! பசி இல்லாமலா? பசியைத் தவிர வேறொன்றும் இல்லாமல்தான் இருந்தேன். உண்டு வெளியேற்றும் மற்ற வகைக்குப் புலிமியா நெர்வோசா என்ற பெயர் 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் என்பவரால் வந்தது. இவை உயிர் குடிக்கும் நோய்கள் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. உடலில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். காரன் கார்ப்பெண்டர் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி 1983 பிப்ரவரியில் இந்நோயின் விளைவாக இதயம் நின்று இறந்தபோது வயது 32. உலகமே அவர் குரலைப் போற்றியது. அவரோ தம் உடலோடு போரிட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவம் கேட்பதற்கு மிக எளிது. கடிகாரம் பார்த்து மூன்று வேளை உணவு, இடையே சிற்றுண்டி. பசித்தாலும் பசிக்காவிட்டாலும். உண்ணும்போது ஒருவர் உடன் அமர வேண்டும். தட்டை உற்றுப் பார்க்கக் கூடாது. எடை மருத்துவமனையில் மட்டும், எண்ணைப் பாராமல் திரும்பி நின்று. வாரந்தோறும் பேச்சு. கேட்க எளிது, செய்வதோ மலையைப் பெயர்ப்பது. முதல் வாரம் இரண்டு இட்லி முன் நாற்பது நிமிடம் அமர்ந்திருந்தேன். அப்பத்தாவும் தம் இட்லியை நாற்பது நிமிடம் பிட்டுக்கொண்டிருந்தார். திருக்குறளில் மருந்து என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் பெரும்பகுதியும் உணவையே பேசுவது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேர்வுக்குப் படித்தபோது உறைக்கவில்லை. நான் இணையத்தில் வாங்கியிருந்த எடைக்கருவியை அப்பத்தா கடலை நிறுக்க எடுத்துக்கொண்டார். மிதிவண்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஓட்டுனதுக்குத் தண்டம் குடுக்கத்தான் நாங்க அன்னைக்கு இதக் கத்துக்கிட்டமா?" என்றார். அதுதான் அவர் என்னைக் கடிந்து சொன்ன ஒரே சொல்.

உடல் தேறத் தொடங்கியது. மனம் தேறவில்லை. இதை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கன்னம் நிறைந்ததும் எல்லாரும் "குணமாயிற்று" என்று கைகழுவிவிட்டார்கள். எனக்கோ அதுதான் கொடுங்காலம். எண்ணும் போயிற்று, பாராட்டும் போயிற்று; மெலிந்தவள் என்பதைத் தவிர நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடியைத் துணியால் மூடி வைத்தேன். கல்லூரிக்கு வராமல் மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன்.

அப்போது அப்பத்தா ஒரு வேலை வைத்தார். "அந்த நோட்டப் படிச்சதுல கண்ணு நோவுது. நல்லதா ஏதாவது வாசிச்சுக் காட்டு." கையில் கிடைத்தது மணிமேகலை உரைநூல். மாலையில் திண்ணையில் அமர்ந்து கதையாகச் சொன்னேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அந்த வாரமே ஐந்து பேர். அறிவொளிக் காலத்துக் கூட்டாளிகள் சிலரும் அதில் உண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. "அமுதசுரபி கையில இருக்கயில அந்தப் புள்ளையப் புடிச்சு ராசா மகன் ஏன் தொந்தரவு பண்றான்?" என்றாள் ஒருத்தி. காயசண்டிகை மணிமேகலையிடம் ஒரு பிடி பெற்றுப் பசி தீர்ந்ததும் எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஊர் திரும்ப வானில் சென்றவள் விந்தமலையைக் கடக்கும்போது விந்தாகடிகையின் வயிற்றில் அகப்பட்டாள் என்று நான் சொன்னதும் ஒரே கூச்சல்! "நோய் தீந்தவளக் கொல்றதா? சாத்தனாரு மனுசனா?" என்று ஒரு பாட்டி எழுந்தே போய்விட்டார். நான் அன்று இரவு நெடுநேரம் அதை நினைத்திருந்தேன். பசி தீர்ந்த பிறகும் வழியில் மலை இருக்கிறது என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாலை ஐந்தரைக்கு மேல் ஆனால், "புள்ள இன்னும் வரலியா?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். அவர்கள் என்னைத் தேடினார்கள்; என் இடுப்பை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் வாசிப்பின் நடுவே, யாரோ கொண்டுவந்த அவித்த கடலையைப் பேச்சு மும்முரத்தில் நான் தின்றுகொண்டிருப்பதைப் பாதியில்தான் கவனித்தேன். கை நின்றது. அப்பத்தா என்னைப் பார்க்காமலே, "மேல படி" என்றார். படித்தேன்.

ஐந்தாம் மாதம் மருத்துவரின் இசைவோடு மிதிவண்டிச் சாவி திரும்பி வந்தது, நிபந்தனையோடு. தனியே கண்மாய்க்குப் போகக் கூடாது. நியாயவிலைக் கடைக்கு அப்பத்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அரிசிப் பையும் அறுபத்து மூன்று வயதுக் கிழவியும் ஏறிய வண்டியை, காலையில் உண்ணாமல் மிதித்துப் பாருங்கள்! முதல் மேட்டிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டது. நோய் போய்விட்டது என்று எழுத ஆசைதான், பொய்யாகும். தேர்வு நெருங்கினால் பழைய குரல் வருகிறது. சென்ற பருவத்தேர்வின்போது இரண்டு நாள் முழுதாகச் சறுக்கினேன். மூன்றாம் நாள் மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். முன்பானால் இரண்டு மாதம் மறைத்திருப்பேன். "இளைத்துவிட்டாய்", "பூரித்துவிட்டாய்" என்று யாரேனும் சொன்னால் இன்றும் உடல் நடுங்குகிறது. தோழியரே, விடுமுறை கழித்துப் பார்க்கும்போது முதல் பேச்சாக உடலைப் பற்றிச் சொல்லாதீர்கள். பேருந்து கிடைத்ததா என்று கேளுங்கள். உங்களுள் யாருக்கேனும் என்னைப் போன்ற நோட்டு இருந்தால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அழைக்கக் கூச்சமாக இருந்தால் தமிழ்த் துறைப் பேராசிரியையிடம் கேளுங்கள், நான் யார் என்று அவர் சொல்வார். உங்களுக்கு மட்டும் சொல்லலாம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியே போய்வருவேன் என்றாலும் அப்பத்தா கேட்பதில்லை. அங்குள்ள பெயர்ப்பலகைகளையெல்லாம் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டே நடப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. சென்ற முறை "நரம்பியல்" வரை வந்துவிட்டார். அதற்கடுத்த பலகையில் எழுத்து உதிர்ந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்லிச் சரிசெய்வது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.